பாட்டின் மேல் உட்கார்ந்த ‘ஈ’

போன மாதம் சங்கடஹர சதுர்த்தியன்று காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். பின் சீட்டில் என் அம்மாவும், ஏழாவது படிக்கிற மகனும். என் போன் அவன் கையில். அதனால் பாட்டும் அவன் இஷ்டம்தான். ஏதோ ஒரு தமிழ் ராப் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார்.

“அதென்னடா, பாட்டுப் பேருக்குப் பக்கத்துல ஒரு கட்டம்?”

“அது ஈ, அப்பத்தா.”

“பாட்டுல எங்கேருந்துடா வந்து ஈ ஒக்காந்துச்சு?”

“அந்த ஈ இல்ல. இங்கிலீஷ் எழுத்து ஈ. இங்கிலீஷ் பாட்டுன்னு அர்த்தம்.”

“இவன் தமிழ்லதானடா கத்துறான்?”

பையனிடம் இதற்குப் பதில் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த வாரம் தெரிந்தவர்கள் நாலைந்து பேரிடம் இதே கேள்வியைப் போட்டுப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. ஒருவர், “சென்சார் போர்டு குத்துற சீல்” என்றார். இன்னொருவர், “வெளிநாட்டுல தடை பண்ணின பாட்டு” என்றார். மூன்றாமவர் பள்ளிக்கூட வாத்தியார். “அந்தக் குறி இருந்தா சின்னப் பசங்க போன்ல அது பாடவே பாடாது சார், நம்ம கவலைப்பட வேண்டாம்” என்றார். மூன்றுமே தப்பு. அதிலும் அந்தக் கடைசித் தப்பை நம்பித்தான் பல வீடுகளில் போனைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

அந்த ‘ஈ’, எக்ஸ்ப்ளிசிட் என்ற சொல்லின் முதலெழுத்து. கெட்ட வார்த்தை, பாலுறவு, வன்முறை, போதைப்பொருள் ஆகியவை பாட்டில் பச்சையாக வருகின்றன என்ற எச்சரிக்கை. அதை யார் போடுகிறார்கள், எதற்குப் போடுகிறார்கள் என்பதில்தான் குழப்பம். அதற்கு முதலில் ஒரு மெஸ்ஸுக்குப் போக வேண்டும்.

காரமா இருக்குமா?

காரைக்குடி மெஸ் ஒன்றில் வெளியூர்க்காரர் உட்கார்ந்திருக்கிறார். “மிளகுக் கோழி காரமா இருக்குமா?” என்று கேட்கிறார். “அதெல்லாம் இல்ல சார், சாப்பிடலாம்” என்கிறார் பரிமாறுகிறவர். அவர் பொய் சொல்லவில்லை. பால்குடி மறந்த நாளிலிருந்து அந்தக் காரத்தில் பழகிய நாக்கு அவருடையது. இரண்டாவது வாயிலேயே வெளியூர்க்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்து, தயிர் எங்கே என்று தேடுகிறார்.

இப்படி நாலு பேர் தயிர் தேடிய பிறகு, மெஸ் முதலாளி மெனு அட்டையில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மிளகாய்ப் படம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைப் போடச் சொல்லி எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. எது காரம் என்று முடிவு செய்ததும் அவர்தான், அதாவது சமைத்தவரேதான். படம் போட்டிருக்கிறதே என்று யாருக்கும் பரிமாற மறுக்க மாட்டார். அப்புறம் இன்னொன்று, அந்தப் படம் காரம் என்று மட்டும்தான் சொல்லும். மிளகா, மிளகாயா, எவ்வளவு என்றெல்லாம் சொல்லாது.

பாட்டின் மேல் இருக்கும் எச்சரிக்கை முத்திரையும் இந்த மிளகாய்ப் படம் போலத்தான். சிகரெட் பெட்டிமேல் இருக்கிற படம் போல அல்ல. சிகரெட் படமும், மிக்சர் பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியும் சட்டப்படி போட்டே ஆக வேண்டியவை, போடாவிட்டால் நடவடிக்கை வரும். பாட்டு முத்திரை விற்பவர் தானாக முன்வந்து ஒட்டுவது.

முத்திரை, சான்று, தடை

‘சென்சார்’ என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு வேறு சமாசாரங்களைக் குறிப்பிடுகிறோம். பாதிச் சண்டை அதனால்தான் வருகிறது.

முத்திரை என்பது விற்பவர் தரும் தகவல். அவ்வளவுதான். வயதுச் சான்று என்பது வெளியாள் ஒருவர் பார்த்துவிட்டு, இது யாருக்குத் தகும் என்று வகை பிரிப்பது. சினிமாவுக்குக் கொடுக்கும் யு, யு/ஏ, ஏ எல்லாம் அந்த ரகம். அதை மீறினால் தியேட்டர்க்காரருக்குத் தொல்லை. தடை என்பது யாருக்குமே கிடையாது என்பது. நம் ‘சென்சார் போர்டு’கூட 1983லேயே பெயரை மாற்றிக்கொண்டு சான்றிதழ் வாரியம் ஆகிவிட்டது. நம் வாய்க்குத்தான் இன்னும் மாறவில்லை. அது படத்தில் வெட்டவும் செய்கிறது என்பதால் மக்களைக் குறை சொல்லவும் முடியாது.

சரி, இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். ‘ஈ’ ஒரு முத்திரை. அரசாங்கம் போட்டதும் அல்ல, தடையும் அல்ல. பாட்டை விற்பவரே தன் சரக்கைப் பற்றிச் சொல்லும் ஒரு வரி.

1985, ஒரு தாயின் அதிர்ச்சி

இந்த வழக்கம் அமெரிக்காவில் பிறந்தது. டிப்பர் கோர் என்பவர் செனட்டர் அல் கோரின் மனைவி. தன் 11 வயது மகளுக்குப் பாடகர் பிரின்ஸின் ஆல்பம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். வீட்டில் போட்டுக் கேட்டபோது, ஒரு பாட்டில் சுயஇன்பம் பற்றிய வரி வந்தது. கடையில் வாங்கும்போது அட்டையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்பதுதான் அவர் கோபம்.

நிதித்துறைச் செயலர் ஜேம்ஸ் பேக்கரின் மனைவி சூசன் பேக்கர் முதலான சிலரோடு சேர்ந்து, 1985ல் பேரன்ட்ஸ் மியூசிக் ரிசோர்ஸ் சென்டர் என்ற அமைப்பை அவர் தொடங்கினார். சுருக்கமாகப் பிஎம்ஆர்சி. ரொம்ப மோசம் என்று 15 பாட்டுகளைப் பட்டியல் போட்டார்கள். முதலில் அவர்கள் கேட்டது ஒற்றை முத்திரை அல்ல. பாலுறவுக்கு ஓர் எழுத்து, வன்முறைக்கு ஓர் எழுத்து, போதைக்கு ஒன்று, மாந்திரீகத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கேட்டார்கள். கோழிக்கு மிளகாய்ப் படம், ரசத்துக்கு மிளகுப் படம் என்பது மாதிரி. வருஷத்துக்குச் சில நூறு படங்களைப் பார்த்து வகை பிரிப்பது வேறு, ஆயிரமாயிரம் பாட்டுகளைக் கேட்டு வகை பிரிப்பது வேறு என்று இசைக் கம்பெனிகள் கையை விரித்தன.

1985 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க செனட் குழு ஒன்று இதை விசாரித்தது. எதிர்த்துப் பேச மூன்று இசைக்காரர்கள் வந்தார்கள்: ஃப்ராங்க் ஜாப்பா, டீ ஸ்னைடர், ஜான் டென்வர். இந்த விசாரணையைப் பேச்சுரிமைக்கும் பெற்றோர் உரிமைக்கும் நடந்த மோதல் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அது சரிதான். ஆனால் தமிழில் யோசிக்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில் வேறொன்று கண்ணில் படுகிறது. அன்றைக்கு அங்கே நடந்தது சிலேடைச் சண்டை.

ஜான் டென்வர் நல்ல பிள்ளை. குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கிற பாட்டுகளைப் பாடுபவர். அவரும் எதிர்த்தார். மலை உச்சியின் ஆனந்தத்தைப் பற்றி அவர் பாடிய பாட்டு ஒன்றில் ‘ஹை’ என்ற சொல் வருகிறது. அந்தச் சொல்லுக்கு உயரம் என்றும் பொருள், போதை ஏறிய நிலை என்றும் பொருள். போதைப் பாட்டு என்று நினைத்துச் சில வானொலி நிலையங்கள் அதை ஒதுக்கி வைத்த கதையை அவர் குழு முன் சொன்னார். அடுத்தவர் டீ ஸ்னைடர், நீளத் தலைமுடியும் ஜீன்ஸுமாக வந்த ஹெவி மெட்டல் பாடகர். அவர் பாட்டு ஒன்றில் கட்டிப்போடுவதும் கத்தியும் வரும். வதைத்து இன்பம் காணும் பாட்டு என்று பிஎம்ஆர்சி தரப்பு சொல்லியிருந்தது. அது தன் குழுவில் கிடார் வாசிப்பவருக்கு நடந்த தொண்டை ஆபரேஷனைப் பற்றி எழுதியது என்றார் அவர். ஆபரேஷன் மேசையில் கட்டத்தானே செய்வார்கள், கத்தி வரத்தானே செய்யும்!

பாடியவன் நினைத்த பொருள் ஒன்று, கேட்டவர் காதில் விழுந்த பொருள் இன்னொன்று. இதில் எதை வைத்து முத்திரை ஒட்டுவது? இந்தக் கேள்விக்கு 1985லும் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

ஃப்ராங்க் ஜாப்பா பேசியதுதான் அதிகம் நினைவுகூரப்படுகிறது. நம் ஊர்க்காரராக இருந்தால் ‘மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே’ என்றிருப்பார். அவர், பொடுகுக்கு வைத்தியமாகத் தலையை வெட்டுவது போல இருக்கிறது என்றார். ஆனால் அவர் சொன்ன மாற்று யோசனையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பாட்டு வரிகளை அப்படியே அச்சடித்துக் கொடுங்கள், பெற்றோர் படித்துப் பார்த்து முடிவு பண்ணட்டும் என்றார். நமக்கு இது புதிதா என்ன? தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கிப் படித்துவிட்டு உள்ளே போன சனம் நாம்.

அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் இறங்கி வந்தது. எச்சரிக்கை ஒட்டலாம், இல்லையென்றால் வரிகளை அச்சடிக்கலாம் என்று ஒப்பந்தமானது. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்ததை மாற்றி, 1990ல் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கறுப்பு வெள்ளைச் சின்னம் வந்தது. ‘பேரன்டல் அட்வைசரி’ என்று பெரிய எழுத்தில் இருக்குமே, அதுதான். பெற்றோர் கவனத்துக்கு என்பது அதன் பொருள். பிள்ளைகள் வாங்கக் கூடாது என்று அதில் எங்கேயும் எழுதியில்லை.

சுருக்கம் இதுதான்: சட்டம் வந்துவிடுமோ என்ற பயத்தில் தொழில்காரர்கள் தாங்களே போட்டுக்கொண்ட ஒப்பந்தம். எழுத்து வாரியாக வகை பிரிக்கும் திட்டம் கைவிடப்பட்டு, ஒரே ஒரு பொது முத்திரை மிஞ்சியது.

கடைக்காரர் கையில் இருந்த சாவி

சட்டபலம் இல்லாத ஒரு ஸ்டிக்கருக்கு இத்தனை சண்டை எதற்கு? காரணம் கடை. வால்மார்ட் மாதிரி பெரிய கடைக்காரர்கள் முத்திரை ஒட்டிய ஆல்பங்களை விற்க மாட்டோம் என்றார்கள். பல சிற்றூர்களில் இசைத்தட்டு கிடைக்கும் இடமே அந்தக் கடைதான். ஆக, ‘தகவல்’ என்று ஒட்டிய முத்திரை அங்கே போய்த் தடையாக மாறிவிட்டது. எதிர்த்தவர்கள் பயந்ததும் இதற்குத்தான். கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. கெட்ட வார்த்தைகளை அமுக்கியோ மாற்றிப் பாடியோ ‘கிளீன் வெர்ஷன்’ என்று இன்னொரு பதிப்பை அந்தக் கடைகளுக்கென்றே போட்டார்கள்.

கடையின் கை எவ்வளவு நீளம் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை லீவில் கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் எடுபிடியாக இருந்தேன். (பாட்டுத் தட்டு வியாபாரம் காரைக்குடிக்குப் புதிதல்ல. ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரே படமெடுக்க வருவதற்கு முன் கிராமபோன் தட்டு விற்றவர்தான்.) வாடிக்கையாளர் நோட்டுத்தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதி, ஒரு வெற்று கேசட்டும் கொடுத்துவிட்டுப் போவார். தொண்ணூறு நிமிஷக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பத்துப் பாட்டு. இரண்டு நாளில் பதிந்து கொடுப்போம்.

கடை அண்ணனுக்கு ஒரு பழக்கம். பள்ளிக்கூடப் பையன் கொண்டுவந்த சீட்டில் வில்லங்கமான பாட்டு இருந்தால், மறுக்கவும் மாட்டார், திட்டவும் மாட்டார். பென்சிலால் சின்னதாக ஒரு சுழி போட்டு என்னிடம் தருவார். சுழி போட்டது டேப்பில் ஏறக்கூடாது, அந்த இடத்தில் ஒரு பக்திப் பாட்டோ சோகப் பாட்டோ போய் உட்காரும். பையன் திரும்பி வந்து, “அண்ணே, நான் எழுதினது ஒண்ணு இல்லையே” என்பான். “டேப்புல எடம் பத்தலடா தம்பி.” அவ்வளவுதான். அவன் அப்பா அந்தக் கடைக்கு வந்தால் அண்ணனுக்கு மரியாதையோடு ஒரு டீ வாங்கித் தருவார்.

அண்ணன் பென்சில் சுழியும் வால்மார்ட் செய்ததும் ஒரே வேலைதான். ஆனால் அண்ணனுக்குப் பையனையும் தெரியும், அவன் அப்பாவையும் தெரியும். பெரியவர்கள் அதே பாட்டைக் கேட்டால் பதிந்து கொடுப்பார். ஸ்டிக்கருக்கு ஆள் அடையாளம் தெரியாது. பதினொரு வயதுக்கும் நாற்பது வயதுக்கும் அதே கறுப்பு வெள்ளைதான்.

இன்னொரு வேடிக்கை. ஜாப்பா அந்த விசாரணையில் ஒரு குற்றச்சாட்டு வைத்தார். வெற்று கேசட்டுகள் மீது வரி போடும் சட்டம் ஒன்றுக்காகத் தொழில்காரர்கள் அப்போது காத்திருந்தார்கள், அதற்காகத்தான் முத்திரை விஷயத்தில் வளைந்து கொடுக்கிறார்கள் என்றார். அந்த வெற்று கேசட்டில்தான் எங்கள் அண்ணன் குடும்பம் நடந்தது.

முத்திரையையும் ஆபாச வழக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு. அதையும் இங்கேயே பிரித்துவிடலாம். 1990 ஜூனில் ஃப்ளோரிடாவில், டூ லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் ஆல்பம் சட்டப்படி ஆபாசமானது என்று ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அதை விற்ற கடைக்காரர் ஒருவர் கைதானார். 1992ல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. ஆபாசம் என்று தீர்மானித்துத் தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. ‘ஈ’ இருப்பதால் ஒரு பாட்டு ஆபாசம் என்று ஆகிவிடாது, இல்லாததால் தப்பித்துவிடவும் முடியாது.

போனில் அந்தக் கட்டம் எப்படி வருகிறது?

கேசட் போச்சு, சிடியும் போச்சு. இப்போது ஸ்டிக்கர் ஒட்ட அட்டை இல்லை. ஒரு பாட்டை ஆப்பில் ஏற்றும்போது அதோடு ஒரு விவரச் சீட்டும் போகிறது. பாட்டின் பெயர், பாடியவர், எழுதியவர், கால அளவு இப்படி. இந்த விவரச் சீட்டுக்குத்தான் மெட்டாடேட்டா என்று பெயர். அதில் ஒரு கேள்வி, ‘எக்ஸ்ப்ளிசிட்டா, இல்லையா?’ என்பது. பாட்டை அனுப்புகிற கம்பெனியோ, பாடகரோ, விநியோகஸ்தரோ தட்டுகிற பதில்தான் நம் திரையில் கட்டம் போட்ட ‘ஈ’யாக வந்து உட்காருகிறது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் சொந்தமாகப் பாட்டுப் போட்டு வெளியிட்டபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். எல்லாக் கட்டத்தையும் மளமளவென்று நிரப்பினவன் அந்தக் கேள்வியில் நின்றுவிட்டான்.

“அண்ணே, பாட்டுல ‘மயிரு’ன்னு ஒரு எடத்துல வருதே. டிக் அடிக்கணுமா?”

எனக்கும் திகைப்புத்தான். தெருவில் சொன்னால் சண்டை வரும் வார்த்தை. ஆனால் ‘தலையின் இழிந்த மயிரனையர்’ என்று வள்ளுவரே எழுதியிருக்கிறார், அதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணச் சொல்கிறார்கள். எந்த மயிரு எக்ஸ்ப்ளிசிட்? இதைக் கேட்டு முடிவு சொல்ல அங்கே ஒரு ஆபீஸரும் இல்லை. அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இல்ல”ன்னு தட்டினான். ‘ஈ’ வந்தால் அவன் அம்மா கேட்பார்களாம்.

நேர்மாறாகத் தட்டுபவர்களும் உண்டு. கறுப்பு வெள்ளைச் சின்னம் பிற்பாடு டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிற ஸ்டைலாகிவிட்டது. இளவட்டங்களுக்கு அது ஒரு கெத்து. ‘உள்ளே ஏதோ இருக்கு’ என்று சொன்னால் எட்டிப் பார்க்காத ஆள் யார்?

அந்தப் பள்ளிக்கூட வாத்தியாரின் நம்பிக்கைக்கு வருவோம். ‘ஈ’ இருந்தால் தானாக நின்றுவிடுமா? நிற்காது. பல ஆப்களில் செட்டிங்ஸுக்குள் போய், இந்த வகைப் பாட்டை அனுமதிக்காதே என்று நாமே மாற்ற வேண்டும். மாற்றினால் அந்தப் பாட்டுகள் மங்கலாகி, தொட்டாலும் பாடாது. நாம் மாற்றாதவரை ‘ஈ’ சும்மா அலங்காரம்தான்.

நம் சட்டம் எங்கே நிற்கிறது?

இந்தியாவில் பாட்டுக்கென்று தனியாக இப்படி ஒரு முத்திரை முறை இல்லை. நம் போனில் தெரிவது அமெரிக்கப் பழக்கத்தின் நீட்சி. படத்துக்குள் வருகிற பாட்டு படத்தின் சான்றோடு போகிறது. டிவியில் காட்டும் சினிமாப் பாட்டும் மியூசிக் வீடியோவும் எல்லோரும் பார்க்கலாம் என்ற சான்று பெற்றிருக்க வேண்டும் என்கிறது கேபிள் டிவி விதி. ஆனால் ஒலியாக மட்டும் வெளியாகும் பாட்டை முன்கூட்டி யாரும் கேட்டுச் சான்று தருவதில்லை. அதனால்தான் தியேட்டரில் ஊமையாகிப் போன சொல், ஆப்பில் கணீரென்று கேட்கிறது.

பின்னால் வருகிற சட்டம் உண்டு. பொது இடத்தில், பிறருக்குத் தொந்தரவாக ஆபாசப் பாட்டுப் பாடுவது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 294வது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296. இதெல்லாம் நடந்த பிறகு பிடிப்பது. முன்கூட்டிச் சொல்வது அல்ல.

முன்கூட்டித் தடுத்தும் ஒருமுறை பார்த்தார்கள். 1952ல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று ஆகாசவாணியில் அதை ஓரங்கட்டினார். என்ன ஆச்சு? சனம் ஒரு திருகு திருகி இலங்கை வானொலிக்குப் போய்விட்டது. கடல் பக்கத்தில் இருக்கும் நமக்கு அது இன்னும் தெளிவாகவே கேட்டது. 1957 அக்டோபரில் விவித் பாரதி என்று தொடங்கி, அதே சினிமாப் பாட்டைத் திரும்பப் போட வேண்டி வந்தது.

இடக்கரடக்கல்: முத்திரைக்குச் சிக்காத சமாசாரம்

எக்ஸ்ப்ளிசிட் என்றால் பச்சையாக, மறைக்காமல் சொல்வது. அந்த முத்திரை பிடிப்பது அதை மட்டும்தான். இங்கேதான் தமிழுக்கு வந்ததும் அது தடுக்கி விழுகிறது. ஏனென்றால் நம் பாட்டில் வில்லங்கம் பெரும்பாலும் பச்சையாக வராது.

நன்னூலில் தகுதி வழக்கு என்று மூன்று உண்டு: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சபையில் சொல்லக் கூசுகிற சொல்லை மறைத்து வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். ‘கால் கழுவி வந்தான்’ என்கிறோமே, அது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரிகிற மாதிரி பெயர் மாற்றிச் சொல்வது குழூஉக்குறி. ஒரு வகையில் அமெரிக்கக் கம்பெனிக்காரன் போட்ட கிளீன் வெர்ஷன் என்பது இடக்கரடக்கல்தான், நயம் இல்லாத இடக்கரடக்கல். போதைக்காரர்களின் பாட்டில் வருகிற சங்கேதச் சொற்கள் குழூஉக்குறி.

இதோடு சிலேடையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காளமேகம் காலத்திலிருந்து ஒரு சொல்லை இரண்டு பக்கமும் வெட்டப் பழகியவர்கள் நாம். கல்யாண வீட்டில் சம்பந்திகளை ஏசிப் பாடுகிற ஏசல் பாட்டில் எத்தனை வாழைக்காய், எத்தனை உலக்கை! பாடியவர்கள் எல்லாம் மஞ்சள் பூசிய பாட்டிமார்கள். இதே வழியில்தான் சினிமாவின் இரட்டை அர்த்தப் பாட்டும் வந்தது. மாங்காய், தேங்காய், பூட்டு, சாவி என்று எல்லாமே அகராதிச் சொற்கள். விவரச் சீட்டில் ‘எக்ஸ்ப்ளிசிட்டா?’ என்று கேட்டால், சத்தியம் பண்ணி ‘இல்லை’ எனலாம். உண்மையும்கூட.

மறைத்தால் போதும் என்ற வாதமும் நிற்காது. 2015 டிசம்பரில் ஒரு தமிழ்ப் பாட்டு இணையத்தில் கசிந்தது. கெட்ட வார்த்தை வந்த இடத்தில் ‘பீப்’ ஒலிதான் இருந்தது. ஆனாலும் பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன, போலீஸில் வழக்குப் பதிவானது. மறைத்த வார்த்தை எது என்று கேட்ட எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைவிட, பெண்ணைப் பற்றி அந்தப் பாட்டு பேசிய தோரணைதான் பலரைக் கோபப்படுத்தியது. தோரணைக்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

ஆக, முத்திரை வார்த்தையைப் பிடிக்கும். அர்த்தத்தைப் பிடிக்காது.

மைக்செட்டுக்கு எங்கே ஒட்டுவது?

முத்திரை என்பது வாங்குகிறவருக்கு. அதைப் பார்த்து வாங்கவோ விடவோ ஓர் ஆள் வேண்டும். நம் பிள்ளைகள் பாட்டுக் கேட்பது எல்லாம் வாங்கியா? பங்குனியில் காரைக்குடிப் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்தில் நில்லுங்கள். வேப்பமரத்தில் கட்டிய குழாயில் காலை ஐந்தரைக்கே அம்மன் பாட்டு ஆரம்பிக்கும். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ல் வந்த விதி சொல்கிறது, ஆத்தாளுக்கு அதெல்லாம் தெரியுமா? மத்தியானம் மைக்செட்காரத் தம்பி சாப்பிடப் போகும்போது பென்டிரைவை அப்படியே ஓடவிட்டுப் போவார். அதில் அம்மன் பாட்டுக்கு அடுத்த ஃபோல்டர் குத்துப் பாட்டு. முளைப்பாரிக்கு முன்னால் சின்னப் பிள்ளைகள் அதற்கு ஆடிக்கொண்டிருக்கும், பெரியவர்கள் போன் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

ராத்திரி ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போகிற ஊர்கள் உண்டு. ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது என்று நிபந்தனை போட்டு அனுமதி கிடைக்கும். கவனியுங்கள், கெட்ட வார்த்தை என்று மட்டும் நிற்காமல் இரட்டை அர்த்தம் என்று தனியாகவே சொல்கிறார்கள். நம் நோய் எது என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அர்த்தம் இரண்டா ஒன்றா என்று மேடைக்குப் பக்கத்தில் நின்று முடிவு பண்ண வேண்டியவர் ஒரு போலீஸ்காரர்.

என் கட்சி என்ன என்று கேட்டால், ‘ஈ’ இருக்கட்டும். போனை வாங்கிக் கொடுக்கிற அப்பா அம்மாவுக்கு அது ஒரு கைகாட்டி. ஆனால் அதை நம்பிக் கண்ணை மூடிக்கொள்வதைவிட, ஜாப்பா சொன்னதும் நம் பாட்டுப் புத்தகக்காரர்கள் செய்ததும் எனக்கு உருப்படியாகப் படுகிறது. பாட்டின் வரிகளைப் படியுங்கள். இப்போது நிறையப் பாட்டுகளுக்கு ஆப்பிலேயே வரிகள் ஓடுகின்றன. பிள்ளை கேட்கிற பாட்டை ஒருமுறை உட்கார்ந்து வாசித்தால், கட்டம் சொல்லாத பலதும் தெரிந்துவிடும். அதற்கு மூன்று நிமிஷம் ஆகும்.

பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது நான் போனை வாங்கி, செட்டிங்ஸில் அந்த அனுமதியை அணைத்துவிட்டுப் பையனிடம் கொடுத்தேன். அவனுடைய ராப் பாட்டுகளில் பாதி மங்கிப் போயிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே பழைய சினிமாப் பாட்டு ஒன்றைத் தட்டினான். ‘ஈ’ இல்லை, சுத்தமான பாட்டு. இரண்டாவது சரணம் வந்தபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

“ஏன் அப்பத்தா சிரிக்கிறீக?”

“ஒண்ணுமில்லடா. குன்றக்குடி வந்துருச்சு பாரு, மலையப் பாத்துக் கும்பிட்டுக்க.”